கயிற்றடி வாங்காத தரிங்கா

ஜூலை பிறந்துவிட்டால் ஸ்லோவேனியாவின் மலையூரான கிரான்ஸ்கா கோராவில் பனிச்சறுக்குக் கட்டைகளெல்லாம் பரணுக்கு ஏறிவிடும். அவை நின்ற இடத்தில் சைக்கிள்கள் வந்து நிற்கும். தரிங்காவின் வாடகைக் கடையிலும் அப்படித்தான். அந்தக் கடையில் பருவத்துக்குப் பருவம் எல்லாம் மாறும், அவள் வாயைத் தவிர. ஐம்பத்தாறு வயதிலும் ஊரில் அவள் வேகத்துக்குச் சறுக்க ஆள் கிடையாது. இளவயதில் நாட்டு அணியில் நின்று பந்தயம் போனவள், சுவர் நிறையக் கோப்பை அடுக்கி வைத்திருப்பவள். திமிர் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்? கொஞ்சம் என்றால் பரவாயில்லை, அவளிடம் கொள்ளை கொள்ளையாக இருந்தது.

அந்தத் திமிருக்குத் தினப்படி தீனியாக வந்து வாய்த்தவன் மருமகன் கொலோமன். நாட்டின் கிழக்குக் கோடியில், முர்ஸ்கா சோபோட்டா பக்கத்துச் சமவெளியில் பிறந்தவன். அந்தப் பக்கம் மேடு என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வைக்கோல் போர் மேல்தான் ஏற வேண்டும் என்பாள் தரிங்கா. சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடும் கம்பி லிஃப்ட்டுகளில் மின்சார வேலை பார்க்க இங்கே வந்தான். வந்த இடத்தில் அவள் மகள் பொலோனாவைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். அமைதியான பையன். நடுப்பனியில் லிஃப்ட் நின்றுபோனால் கம்பத்தின் உச்சிக்கு ஏறிச் சரிசெய்துவிட்டு, ஒரு தேநீர்கூடக் கேட்காமல் இறங்கிப் போகிறவன்.

இப்படிப்பட்டவனைத்தான் மூன்று வருடமாக அவள் "சமதரை" என்று கூப்பிட்டாள். மாடிப்படி ஏறினால், மூச்சு வாங்குதா, உட்கார்ந்து போறியா என்று கேட்பாள். விருந்தாளி யாராவது வந்தால் அறிமுகமே இப்படித்தான் இருக்கும்: "இவன்தான் எங்க மாப்பிள்ளை. நல்ல பையன். இன்னும் ட்ரிக்லாவ் ஏறல, அது ஒண்ணுதான் குறை." வந்தவர்கள் சிரிப்பார்கள். கொலோமனும் சிரிப்பான். அவன் சிரிப்பு வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே வந்ததை அவள் கவனிக்கவில்லை.

ட்ரிக்லாவ் என்பது எங்கள் நாட்டின் உச்சி. அதில் ஏறாதவன் ஸ்லோவேனியனே இல்லை என்பது இங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். முதல் தடவை ஏறுகிறவர் யாராக இருந்தாலும், மந்திரியே ஆனாலும், உச்சியில் குனிந்து நின்று பின்புறத்தில் கயிற்றால் மூன்று அடி வாங்க வேண்டும். மலைக்கு மூன்று தலை, தலைக்கு ஓர் அடி. அடிக்கிறவர் ஏற்கெனவே ஏறி அடி வாங்கியவராக இருக்க வேண்டும். அடி வாங்காதவர் கயிற்றைத் தொடக்கூடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். தரிங்காவே ட்ரிக்லாவ் ஏறினது கிடையாது.

ஆமாம், கிடையாது. பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போன வருடம் அவள் பயிற்சிக்கு வெளிநாடு போயிருந்தாள். பிறகு பந்தயம், பிறகு கல்யாணம், பிறகு குழந்தை. இருபத்திரண்டு வயதில் ஒருமுறை யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போனாள். பிடித்து ஏறுவதற்காகப் பாறையில் அடித்த இரும்புக் கம்பி ஆரம்பிக்கிற இடம்வரை போய், மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை பார்த்தாள். கம்பியில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்துவிட்டாள். கட்டையைக் கட்டிக்கொண்டு செங்குத்துச் சரிவில் பாய்கிறவளுக்கு இது என்ன பயம் என்று கேட்பீர்கள். சறுக்கும்போது கீழே போவது அவள் இஷ்டம். இங்கே கீழே போவது மலையின் இஷ்டம். அதுதான் வித்தியாசம்.

ஊரில் யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. கிரான்ஸ்கா கோராக்காரி, அதிலும் தரிங்கா, ஏறாமலா இருப்பாள்? மீனைப் பார்த்து உனக்கு நீந்தத் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா? ஏறினேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஏறவில்லை என்றும் சொன்னதில்லை. இரண்டுக்கும் நடுவே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்குப் பின்னால் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் இருந்தார்கள். தரிங்கா வழக்கம்போலச் சமதரையை ஆரம்பித்தாள். கொலோமன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஆகஸ்டில் ட்ரிக்லாவ் போகப்போவதாகச் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். யார் அடிக்கப் போவது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"அத்தை கையால வாங்கணும்," என்றான் கொலோமன். "வேற யார் அடிச்சாலும் எனக்கு அது சேராது."

கைதட்டல் இரட்டிப்பானது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள் ஓடி, பழைய மலைக்கயிற்றில் இரண்டு முழம் வெட்டிக்கொண்டு வந்து தரிங்காவின் கழுத்தில் மாலையாகப் போட்டார். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். வேறு என்ன செய்வாள்? நுணலும் தன் வாயால் கெடும்.

சாயந்திரம் பாத்திரம் கழுவும்போது பொலோனா மெதுவாக வந்து பக்கத்தில் நின்றாள். வசந்தத்தில் முழங்காலில் அறுவை செய்துகொண்டவள், கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தாள். மலைக்கு அவள் வர முடியாது.

"அம்மா, கொலோமனோட அண்ணன் சோபோட்டாவுல பட்டறை போட்டிருக்காரு. இவனைக் கூப்பிடுறாரு."

"கூப்பிடட்டும். இவன் போவானா?"

"ட்ரிக்லாவ் போயிட்டு வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கான். மூணு வருஷமா இந்த வீட்ல விருந்தாளியாவே இருக்கேன், என்னால முடியலங்கறான். அங்க போயிட்டு வந்தும் எதுவும் மாறலன்னா கிளம்பிடுவான்."

"நீ?"

"என்னம்மா கேள்வி? நானும்தான் போவேன்."

தரிங்கா கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். கணவன் இறந்து ஆறு வருடமாகிறது. அவளுக்கென்று இருப்பது இந்தப் பெண் ஒருத்திதான். மலைக்கு வரமாட்டேன் என்றால், தன்னை அடிக்கக்கூட இவளுக்கு மனசில்லை என்று நினைத்துக்கொண்டு அவன் கிளம்பிவிடுவான். நானே ஏறினதில்லை என்று சொன்னாலோ கதை கந்தல். மூன்று வருடம் எந்தக் குறையைச் சொல்லி என்னை வதைத்தாயோ அது உனக்கும் உண்டா என்று கேட்டுவிட்டு, இன்னும் வேகமாகக் கிளம்பிவிடுவான். எந்தப் பக்கம் போனாலும் பெண் சோபோட்டாவில். எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, மூன்று அடி கொடுத்து, அவனை ஊர்க்காரனாக்கிவிடுவது ஒன்றுதான் வழி என்று அவளுக்குப் பட்டது.

ஆகஸ்ட் நடுவில் கிளம்பினார்கள். க்ர்மா பள்ளத்தாக்கு வழியாக ஏறுவது நீளம்தான், ஆனால் வெறும் நடை. அதில் தரிங்காவை யாரும் அசைக்க முடியாது. இலையடர்ந்த காட்டைத் தாண்டி, ஆடு மேயும் புல்வெளியைத் தாண்டி, வெள்ளைப் பாறைக்குள் நுழைகிறவரை அவள்தான் முன்னால். எதிரே இறங்கி வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னாள். ஆனால் கொலோமனை ஒரு வார்த்தை சீண்டவில்லை. காலையிலிருந்து ஒரு சமதரைகூடக் காதில் விழாததில் அவன் பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று இரண்டு முறை கேட்டான். தூக்கம் போதவில்லை என்றாள்.

மலையேறுகிறவர்கள் இரவு தங்கும் க்ரெடாரிட்சா விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு விடுதிச் செருப்பை மாட்டிக்கொண்டு, பார்லி சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். சன்னல் வழியாக உச்சி தெரிந்தது. அதன் விளிம்பில் மனிதர்கள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தார்கள். தரிங்கா சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொலோமன் சின்னப் பையன் மாதிரி மறுபடி மறுபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. மூன்று வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டும் பார்த்ததில்லை என்பது அவளுக்குச் சுருக்கென்றது.

காலையில் இடுப்புவாரைக் கட்டி, கொக்கிகளை மாட்டி, தலைக்கவசத்தோடு கம்பி ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்தார்கள். நீங்கள்தான் வழி தெரிந்தவர், முன்னால் போங்கள் என்று கொலோமன் மரியாதையாக ஒதுங்கி நின்றான்.

"முதல் தடவை ஏறுறவன்தான் முன்னால போகணும். அதான் வழக்கம்," என்றாள் தரிங்கா.

அப்படி ஒரு வழக்கம் இந்த நாட்டில் அந்த நிமிடம்தான் பிறந்தது. பாவம், அவன் நம்பினான்.

உச்சிக்கு முன்னால் வரும் முகடான சின்ன ட்ரிக்லாவ்வரை எப்படியோ வந்துவிட்டாள். பாறையை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, வேறு எங்கேயும் பார்க்காமல், தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறினாள். அதற்கப்புறம்தான் அந்த முதுகு வந்தது. கத்தி மாதிரி ஒரு பாறை முதுகு, வலப்பக்கமும் ஒன்றுமில்லை, இடப்பக்கமும் ஒன்றுமில்லை. நடுவில் இரும்பு முளையும் கம்பியும். கீழே எங்கேயோ மேகம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தரிங்கா நாலு தப்படி வைத்தாள். ஐந்தாவதுக்குக் கால் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து ஓர் இரும்பு முளையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

பின்னால் வந்தவர்கள் கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றார்கள். அப்புறம் இருமினார்கள். அப்புறம் ஒருவர், அம்மா, படம் எடுக்கறதா இருந்தா மேலே போய் எடுத்துக்கலாமே என்றார்.

கொலோமன் திரும்பி வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், முளையைக் கட்டியிருந்த கையைப் பார்த்தான், இரண்டு கொக்கியும் கம்பியில் மாட்டாமல் இடுப்பில் தொங்குவதையும் பார்த்தான். இதே கொக்கியைக் கடையில் வாடகைக்கு விடும்போது, ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று கம்பியில் இருக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் அவள். அவன் குந்தி உட்கார்ந்து கொக்கிகளைத் தானே எடுத்துக் கம்பியில் மாட்டினான்.

"என் பூட்ஸோட குதிகால மட்டும் பாருங்க அத்தை. வேற எதையும் பார்க்க வேணாம். லிஃப்ட் கம்பத்துல முதல் நாள் நானும் இப்படித்தான் உட்கார்ந்துட்டேன். என்னை இறக்க நாலு பேர் வந்தாங்க."

அவள் அந்தக் குதிகாலைப் பார்த்தாள். அது ஓரடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். ஒவ்வொரு முளைக்கும் அவன் நின்று, திரும்பி, அவள் கொக்கியை மாற்றிவிட்டு, மறுபடி நகர்ந்தான். மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். தரிங்காவுக்கு வாய்த்தது மருமகன் தயவு. அதுவும் சமவெளி மருமகன்.

அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது. நீங்க இதுவரை ஏறினதே இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் கேட்கவே இல்லை. வெயிலைப் பற்றியும் காற்றைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டு வந்தான்.

உச்சியில் சின்னத் தகரக் கோபுரத்தைச் சுற்றி ஒரே கூட்டம். ஓய்வு பெற்றவர்களின் நடைச் சங்கம் ஒன்று மாரிபோரிலிருந்து வந்திருந்தது. அதன் தலைவி மட்டில்டா, எழுபது வயது, குரலுக்கு மட்டும் முப்பது. ஏறி வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, முதல் தடவையா என்று விசாரித்து, உடனுக்குடன் அடி கொடுத்துக்கொண்டிருந்தாள். கொலோமன் கையைத் தூக்கினான். மட்டில்டாவின் பார்வை தரிங்காவிடம் போனது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய், கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இந்த அம்மாவும் முதல் தடவை மாதிரி தெரியுதே என்றாள்.

"அத்தையா?" என்றான் கொலோமன் சிரித்துக்கொண்டே. "கிரான்ஸ்கா கோராக்காரங்க. எத்தனை தடவை ஏறியிருக்காங்கன்னு அவங்களுக்கே கணக்குத் தெரியாது. ராத்திரி சாப்பிட்ட சூப்பு ஒத்துக்கல, அவ்வளவுதான். எனக்கு இவங்கதான் அடிக்கணும்."

சொல்லிவிட்டு, அவள் பைக்குள்ளிருந்து கயிற்றை எடுத்து அவள் கையில் வைத்தான். திரும்பிக் குனிந்து நின்றான். சங்கத்துக்காரர்கள் சுற்றி வந்து நின்றார்கள்.

வேறு யாராக இருந்தாலும், தலை தப்பியது என்று மூன்று போட்டுவிட்டு இறங்கியிருப்பார்கள். தரிங்காவும் அதைத்தான் நினைத்தாள். கயிற்றை ஓங்கக்கூட ஓங்கினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவன் ஏன் இத்தனை கண்ணியமாக நடந்துகொள்கிறான்? கூட இருக்கப்போகிற பையனாக இருந்தால் இந்நேரம் அவளைக் கிழித்திருப்பான், சண்டை போட்டிருப்பான், வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டியிருப்பான். வீட்டு மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள். விட்டுவிட்டுப் போகத் தீர்மானித்தவன்தான் போகிற வீட்டின் மானத்தை இப்படிப் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுப்பான். அவள் ஓங்கிய கயிற்றை இறக்கினாள். பாறை முதுகில் உட்கார்ந்திருந்தபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை.

"நிமிருப்பா," என்றாள்.

அவன் குனிந்தபடியே இருந்தான்.

"நிமிருடான்னா. நான் உன்னை அடிக்கக்கூடாது. நானும் ஏறினதில்ல. எனக்கும் இதுதான் முதல் தடவை."

கிரான்ஸ்கா கோராவா, அங்கிருந்துமா ஏறாதவங்க என்று பின்னால் யாரோ ஒரு கிழவர் கேட்டார். ஆமாம், அங்கிருந்துதான், நாட்டு அணியில இருந்தவதான், பேர் தரிங்கா, எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிக்குங்க என்று அவள் அவரிடம் எரிந்து விழுந்தாள். மட்டில்டா கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கி, கொலோமனை மறுபடி குனிய வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணி முடித்தாள். சங்கம் முழுக்கக் கைதட்டியது. அடுத்து தரிங்காவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வேணாம்," என்றாள் தரிங்கா. "கயித்தை அவன்கிட்ட குடுங்க. இப்ப அவனுக்கு உரிமை வந்துடுச்சு."

கொலோமன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். தரிங்கா அவன் எதிரே வந்து நின்றாள். ஒரு கை இன்னும் கோபுரத்தைப் பிடித்திருந்தது.

"மூணு வருஷம் உன்னைக் குத்திக் குத்திப் பேசினேன். எனக்கே இல்லாத ஒண்ணை வச்சுக் குத்தினேன். தப்பு. நீ சோபோட்டா போறதுக்கு எல்லா நியாயமும் இருக்கு. ஆனா போகாதே. பொலோனாவுக்காகச் சொல்லல. அவ எங்க இருந்தாலும் எம்பொண்ணுதான், வந்து பார்ப்பா. உனக்காகச் சொல்றேன். நீ போயிட்டா எனக்குத் தாங்காது."

அவன் வாயைத் திறந்தான். அவள் காத்திருக்கவில்லை, திரும்பிக் குனிந்துவிட்டாள். அப்படிக் குனிந்தபோது பள்ளம் மொத்தமும் கண்முன்னே விரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

முதல் அடி, ஈ ஓட்டுவது போல விழுந்தது.

"லிஃப்ட்டு நாற்காலிக்குத் தூசி தட்டுறியா?" என்றாள் குனிந்தபடியே. வாய் வாய்தான்.

இரண்டாவது அடி அப்படியில்லை. மூன்று குளிர்காலமும் அதில் இருந்தது. தரிங்கா ஐயோ என்று கத்தியே விட்டாள். சுற்றி நின்றவர்கள் மூச்சை உள்ளே இழுத்தார்கள். மாரிபோர்க் கிழவர் ஒருவர் தன் பின்புறத்தைத் தானே தடவிக்கொண்டார். கொலோமன் கயிற்றைத் தாழ்த்தினான். போதுமென்று விடப்பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இன்னொண்ணு இருக்கு. குறைச்சுக்காதே."

மூன்றாவதும் விழுந்தது, இரண்டாவதுக்குக் கொஞ்சமும் சளைக்காமல். அவள் நிமிர்ந்து பார்த்தபோது கொலோமன் பாறையில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று கிட்டே போய்ப் பார்த்தாள். இரண்டும்தான். பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் நின்றாள், உட்கார முடியவில்லை. மட்டில்டா இருவருக்கும் குப்பியிலிருந்து அவுரிநெல்லிச் சாராயம் ஊற்றிக் கொடுத்தாள்.

கொலோமனின் போன் அடித்தது. பொலோனா. மேலே சேர்ந்தாச்சா, அம்மா பலமாக அடித்துவிட்டாளா என்று கேட்கிற குரல் தரிங்காவுக்கே கேட்டது. கொலோமன் நடந்ததையெல்லாம் சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து முதலில், அம்மாவா என்று ஒரு கேள்வி. அப்புறம் சிரிப்பு. அது நிற்கிற வழியாக இல்லை.

அதற்குள் சங்கம் இறங்க ஆரம்பித்திருந்தது. தரிங்கா திரும்பி அந்தப் பாறை முதுகைப் பார்த்தாள். ஏறி வந்ததைவிட இப்போது இரண்டு மடங்கு நீளமாகத் தெரிந்தது. மெல்ல இரண்டு கையாலும் கோபுரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கொலோமன் அதைப் பார்த்தான், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

"பொலோனா, அண்ணன்கிட்ட நான் வரலைன்னு சொல்லிடு," என்றான். "இல்ல, கோவம் எல்லாம் போயிடல, இன்னும் கொஞ்சம் இருக்கு. வீட்டுக்கு வந்து சண்டை போட்டுக்கறேன். இப்ப முதல்ல எங்கம்மாவைக் கீழே இறக்கணும்."